மங்கலான அறைக்கு பேக்லைட் கீபோர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: "இரவு 10 மணிக்கு மேல், வீட்டில் மற்றவர்கள் தூங்கும் அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. டியூப்லைட் போட முடியாது. ஆங்கிலம், தமிழ் இரண்டும் அடிக்கிறேன். தட்டச்சு முறையாகப் படித்ததில்லை, அடிக்கடி குனிந்து பார்த்துத்தான் அடிப்பேன். எந்த மாதிரி பேக்லைட் கீபோர்டு வாங்கலாம்?"

கடையில் பேக்லைட் கீபோர்டு, அதாவது விசைகளுக்கு அடியிலிருந்து விளக்கு எரியும் கீபோர்டு, கேட்டால், வானவில் மாதிரி ஓடும் வெளிச்சத்தைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்கள். கடை விளக்குகளுக்கு நடுவே அது அழகாகவே இருக்கும். உங்களுக்கு வேண்டிய சோதனை அதற்கு நேர் எதிரானது. விளக்கையெல்லாம் அணைத்த பிறகு எழுத்து மட்டும் மெல்லத் தெரிய வேண்டும், விசைகளின் இடுக்கிலிருந்து வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது. அதனால் முதலில் இரண்டு விஷயம் பாருங்கள்: வெளிச்சம் எழுத்தின் வழியாக வருகிறதா, அதை எந்த அளவுக்குக் குறைக்க முடிகிறது. நிறம், சுவிட்ச், விலை எல்லாம் அப்புறம்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

லேப்டாப்பிலும், லேப்டாப் மாதிரித் தட்டையான விசை கொண்ட கீபோர்டுகளிலும் பெரும்பாலும் விசைகளுக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கும். ஓரத்தில் சில எல்இடிகள். அவற்றின் வெளிச்சம் தாளுக்குள்ளேயே ஓடி, அதில் குத்திய நுண்ணிய புள்ளிகள் உள்ள இடங்களில் மேலே சிதறும். விசையின் அடிப்பாகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் படுவதால், மேல் மூலையில் உள்ள எழுத்தும் கீழ் மூலையில் உள்ள குறியும் ஒன்றுபோலத் தெரியும்.

மெக்கானிக்கல் கீபோர்டில், அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச் உள்ள கீபோர்டில், கதை வேறு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி எல்இடி, அதுவும் சுவிட்சின் ஒரு பக்கத்தில் மட்டும். நடுவில் சுவிட்சின் தண்டு நிற்பதால் வெளிச்சம் மறுபக்கம் சரியாகப் போகாது. எல்இடி திரைப் பக்கமாக இருந்தால் அதை நார்த் ஃபேசிங் என்பார்கள், உங்கள் பக்கமாக இருந்தால் சவுத் ஃபேசிங். பெரும்பாலான கீகேப்களில், அதாவது விசையின் மேல் மூடிகளில், எழுத்து மேல் பாதியில்தான் இருக்கிறது. ஆகவே இருட்டில் எழுத்தைப் படிக்க நார்த் ஃபேசிங்தான் ஏற்றது. சவுத் ஃபேசிங் பரவியதற்குக் காரணம் வேறு: செர்ரி என்ற உயரம் குறைந்த வடிவக் கீகேப்களைப் போட்டால், நார்த் ஃபேசிங் சுவிட்சின் மேல் விளிம்பு சில விசைகளில் கேப்பின் உட்பக்கத்தில் இடிக்கும். கீகேப் மாற்றி மாற்றிப் போடும் ஆர்வலர்களுக்கு அது பெரிய தொல்லை. குனிந்து பார்த்து அடிக்கும் உங்களுக்கு எழுத்துதான் முக்கியம். சவுத் ஃபேசிங் போர்டில் அதே எழுத்து மங்கலாகவும், அடிப்பக்கம் மட்டும் பிரகாசமாகவும் தெரியும். போதாததற்கு, நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் சாய்வில் அந்த எல்இடிப் புள்ளியே நேராகக் கண்ணில் படும்.

இதைக் கண்டுபிடிக்க எண் வரிசையைப் பாருங்கள். 2 என்ற எண்ணும் அதோடு வரும் அட் குறியும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால், இரண்டில் ஒன்று இருட்டில் மங்கிவிடும். இரண்டும் மேல்பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தால், தயாரித்தவர் வெளிச்சத்தை யோசித்துச் செய்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் போன்ற நீள விசைகளிலும் இதே சிக்கல் உண்டு. எல்இடி நடுவில் இருக்கும், எழுத்து இடது ஓரத்தில் இருக்கும். விசையின் முன்முகத்தில் அச்சடித்த ஒலி, பாட்டு, வெளிச்சக் குறிகள் பெரும்பாலும் ஒளிரவே ஒளிராது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குறியே இருட்டில் தெரியாத கீபோர்டுகள் நிறைய இருக்கின்றன. வாங்கியதும் அந்த இரண்டு மூன்று விசைச் சேர்க்கைகளை மனப்பாடம் செய்துவிடுவதே வழி.

ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் ரப்பர் மெத்தை கீபோர்டுகளில், இடது பக்கம் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், வலது பக்கம் ஒரு நிறம் என்று மூன்று பட்டையாக எரியும். எழுத்து படிக்கும்படியே இருக்கும். இவற்றில் இரண்டு குறைகள்தான் அடிக்கடி வரும்: நிறத்தை மாற்ற முடியாது, வெளிச்சத்துக்கு இரண்டு மூன்று படிகளுக்கு மேல் இருக்காது.

கீகேப்பைக் கழற்றி அடிவிளிம்பைப் பாருங்கள்

பேக்லைட் கீகேப்பை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக்கில் கேப்பை வார்த்து, மேலே கருப்புப் பெயின்ட் அடித்து, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் லேசரால் அந்தப் பெயின்ட்டை எரித்து எடுப்பது. இன்னொன்று டபுள் ஷாட்: ஊடுருவும் பிளாஸ்டிக்கில் எழுத்தோடு சேர்ந்த உள்கூட்டை முதலில் வார்த்து, அதைச் சுற்றி ஒளிபுகாத கருப்புப் பிளாஸ்டிக்கை இரண்டாவது முறை ஊற்றுவது. முதல் வகையில் எழுத்தைச் சுற்றி இருப்பது வெறும் பெயின்ட் படலம். விரல் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதைத் தேய்க்கும். அதிகம் அடிக்கும் விசைகளில் எழுத்தின் ஓரங்கள் கரைந்து, ஒரு வெளிச்சத் திட்டு மட்டும் மிஞ்சும். டபுள் ஷாட்டில் எழுத்தே பிளாஸ்டிக்கின் முழுத் தடிமனுக்கும் இறங்கியிருப்பதால், எவ்வளவு தேய்ந்தாலும் அழியாது.

வித்தியாசம் தெரிய ஒரு கேப்பைக் கழற்றி அடிவிளிம்பைப் பாருங்கள். வெளியே கருப்பு, உள்ளே வெள்ளை என்று இரண்டு தடிமனான அடுக்கு தெரிந்தால் டபுள் ஷாட். விளிம்பு முழுக்க ஒரே வெளுப்பாக இருந்து, கருப்பு மேலே ஒரு தோல் போல மட்டும் இருந்தால் பெயின்ட். எழுத்தின் வடிவமும் காட்டிக்கொடுக்கும். மலிவான டபுள் ஷாட் கேப்களில் ஓ, ஏ, பி, 8 போன்ற மூடிய எழுத்துகளில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். எழுத்தின் நடுவே உள்ள கருப்புத் தீவுக்கு இரண்டாவது பிளாஸ்டிக் ஓடிப் போக விட்ட வழி அது. பார்க்க அழகில்லை, ஆனால் நீடித்து உழைக்கும் அடையாளம்.

ஏபிஎஸ், பிபிடி என்று இரண்டு பிளாஸ்டிக் பெயர்களும் விளம்பரத்தில் வரும். ஏபிஎஸ் சீக்கிரம் பளபளப்பேறும், பிபிடி சொரசொரப்பு குறையாமல் இருக்கும். பலரும் ஏமாறும் இடம் இதுதான்: "பிபிடி" என்று பார்த்துவிட்டு, சாயம் ஏற்றி அச்சடித்த ஒளிபுகாத பிபிடி கேப்களை வாங்கிப் பேக்லைட் போர்டில் மாட்டிவிடுவார்கள். எழுத்து இருட்டாகி, விசைகளைச் சுற்றி மட்டும் வெளிச்சம் கசியும். புட்டிங் கீகேப் எனப்படும் பக்கச்சுவர் ஒளிரும் கேப்களும் உங்கள் வேலைக்கு ஆகாது. பக்கத்திலிருந்து வரும் அந்தப் பெரிய வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால் மேலே உள்ள சின்ன எழுத்து அமுங்கிப்போகும். சுவிட்ச் மாற்றுபவர்களுக்கும் ஒரு சொல்: மேல் மூடி ஒளிபுகாத பிளாஸ்டிக்கில் செய்த சுவிட்சைப் போட்டால், நல்ல கேப் இருந்தும் வெளிச்சம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

வெள்ளி நிற விசைகளில் வெள்ளைப் பேக்லைட் வரும் லேப்டாப்புகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு இருட்டில் அவை நன்றாகத் தெரியும். சாயங்கால வெளிச்சம் போன்ற நடுத்தர நிலையில்தான் சிக்கல். விசையின் மேல் படும் அறை வெளிச்சமும் எழுத்து வழியாக வரும் வெளிச்சமும் ஒரே அளவாகி, எழுத்தே காணாமல் போகும். கீபோர்டு பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பேக்லைட்டை அணைத்தால் சாம்பல் எழுத்து திரும்பத் தெரியும். கருப்பு விசை, வெள்ளை எழுத்து என்றால் இந்தத் தொல்லை கிடையாது.

எந்த நிறம் கண்ணுக்கு நல்லது?

நீலம் வேண்டாம். காரணத்தைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரே நிறத்தில் வரும் மலிவு கீபோர்டுகளில் நீலம் நிறையவே விற்கிறது.

விழித்திரையின் நடுவில், நாம் உற்றுப் பார்க்கும் இடத்தில், நீலத்தை உணரும் கூம்பு செல்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சுமார் மூன்றில் ஒரு பாகை அகலத்துக்கு அந்தக் குறை இருக்கிறது. இப்போது ஒரு கணக்கு: கீகேப்பில் எழுத்து சுமார் 4 மில்லிமீட்டர் உயரம், கண்ணிலிருந்து தூரம் சுமார் 60 சென்டிமீட்டர். அந்த எழுத்து கண்ணில் பிடிக்கும் இடம் 0.4 பாகைக்குச் சற்றுக் குறைவு. அதாவது நீங்கள் உற்றுப் பார்க்கும் எழுத்தும், நீலம் தெரியாத அந்த நடுப்பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு. இதோடு, நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னதாகவே குவிந்துவிடும், இருட்டில் கண்மணி விரிந்திருப்பதால் அந்த மங்கல் இன்னும் கூடும். நீல எழுத்தைச் சுற்றி ஒரு பனிமூட்டம் போலத் தெரிவது இதனால்தான். வெளிச்சத்தைக் கூட்டினால் தெளியும் என்று நினைப்பார்கள், மூட்டம்தான் கூடும். 480 நானோமீட்டர் பக்கமுள்ள நீல ஒளிதான் உடலின் உறக்கக் கடிகாரத்தையும் அதிகம் தொடுகிறது, இரவு வேலைக்கு அதுவும் நல்லதல்ல.

சிவப்பு இதற்கு நேர் எதிர். இருட்டுக்குப் பழகிய கண்ணின் குச்சி செல்கள் 500 நானோமீட்டர் பக்கத்தில்தான் அதிகம் கூர்மை, நீண்ட அலைநீளச் சிவப்பு அவற்றை அவ்வளவாகத் தொடாது. முழு இருட்டுக்கு அவை பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு கணப் பிரகாசத்தில் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். வானத்தைப் பார்ப்பவர்கள் சிவப்பு டார்ச் வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் உங்கள் முன்னால் கணினித் திரை எரிந்துகொண்டிருக்கிறது, கண் முழு இருட்டுக்குப் போகப் போவதில்லை. அதனால் சிவப்பு கட்டாயமில்லை. ஆழ்ந்த சிவப்பு எழுத்தைப் படிக்கச் சிலருக்குச் சிரமமாகவும் இருக்கும்.

நான் சொல்வது ஆம்பர், அதாவது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. நிறம் மாற்றக்கூடிய ஆர்ஜிபி கீபோர்டில் சிவப்பு 255, பச்சை 110, நீலம் 0 என்று வைத்துத் தொடங்குங்கள். கீபோர்டு எல்இடிகளில் பச்சை பெரும்பாலும் தூக்கலாகவே இருக்கும். மஞ்சளாக அடித்தால் பச்சையை 80, 70 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். ஆர்ஜிபியில் மூன்றையும் 255 வைத்து எடுக்கும் வெள்ளை பொதுவாக நீலம் பாய்ந்த வெள்ளை, விசைக்கு விசை சாயலும் மாறும். ஒரே நிறம்தான் வாங்குகிறீர்கள் என்றால் வெள்ளை எடுங்கள். அதுவும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசிச் செய்ததுதான் என்றாலும், எழுத்து கூர்மையாகத் தெரியும். குறைத்து வைத்தால் இரவுக்குப் போதுமானது.

எவ்வளவு குறையும், எப்படிக் குறைகிறது?

அதிகபட்ச வெளிச்சம் எந்தக் கீபோர்டிலும் தேவைக்கு மேலேயே இருக்கும். குறைந்தபட்சம்தான் பிரச்சினை. மூன்று படி மட்டும் உள்ள கீபோர்டில் முதல் படியே இருட்டறையில் உறுத்தலாம், அதற்குக் கீழே நேராக அணைவதுதான். எட்டு, பத்து படி உள்ளதாகவோ, மென்பொருளில் சதவீதமாகக் குறைக்கக்கூடியதாகவோ தேடுங்கள்.

குறைக்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்இடியை மங்கலாக்க அதை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவார்கள். ஆர்ஜிபியில் இது இன்னும் சிக்கலானது. 104 விசை, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சில்லு, ஒரு சில்லுக்கு 20 மில்லி ஆம்பியர் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரித்தால் 6 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சாதாரண யுஎஸ்பி 2.0 இணைப்பு தருவது 500 மில்லி ஆம்பியர். ஆகவே கட்டுப்பாட்டுச் சில்லு வரிசை வரிசையாக மாற்றி மாற்றி எரிக்கும். வேகம் போதுமானால் கண்ணுக்குத் தெரியாது. வேகம் குறைந்த மலிவு போர்டுகளில், குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் மினுக்கல் தெரியும், சிலருக்குத் தலைவலியும் வரும். சோதிக்க எளிய வழி: அறையை இருட்டாக்கி, குறைந்த வெளிச்சத்தில் வைத்து, கீபோர்டுக்கு மேலே ஒரு பேனாவை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பேனா நிற்பது போலத் தெரிந்தால் அது துடிக்கிறது. மொபைல் கேமராவில் ஸ்லோமோஷன் எடுத்தாலும் தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து இருட்டில் தெரியுமா?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் தெரியாது. ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தால் தமிழ் அடிப்பவர் என்றால் உங்களுக்குத் தமிழ் எழுத்து தேவையே இல்லை. இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிப்பவர்கள் வழக்கமாகச் செய்வது ஸ்டிக்கர் ஒட்டுவது. கருப்புப் பின்னணி கொண்ட ஸ்டிக்கர் ஒளியை முழுவதும் அடைத்துவிடும். பேக்லைட் கீபோர்டு வாங்கி அதன் மேல் அதை ஒட்டினால் வாங்கிய பணம் வீண். ஒளி ஊடுருவும் தாளில் நிற எழுத்து அச்சடித்த ஸ்டிக்கர் ஆங்கில எழுத்தை மறைக்காது, சரிதான். ஆனால் அதில் உள்ள தமிழ் எழுத்துக்கு அடியில் இருப்பது ஒளிபுகாத கருப்புப் பிளாஸ்டிக். வெளிச்சம் வர வழியே இல்லை. பகலில் தெரியும், இரவில் தெரியாது.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, விண்டோஸில் உள்ள திரை விசைப்பலகையைத் திறந்து திரையின் ஓரத்தில் வைத்துக்கொள்வது. விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். தமிழ் உள்ளீட்டுக்கு மாற்றினால் அதில் தமிழ் எழுத்துகள் காட்டும். இரண்டாவது, மேலிருந்து விழும் சின்ன விளக்கு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மூன்றாவது, பார்க்காமல் அடிக்கப் பழகுவது. தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 அமைப்பு இதற்கு நல்ல துணை: உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. நடு வரிசையில் இடமிருந்து அ, இ, உ, புள்ளி, எ. பிறகு க, ப, ம, த, ந, ய. எந்தக் கீபோர்டிலும் எஃப், ஜே விசைகளில் ஒரு சின்ன மேடு இருக்கும். தமிழ்99-இல் எஃப் என்பது புள்ளி, ஜே என்பது ப. ஆள்காட்டி விரல்கள் அந்த இரண்டு மேட்டில் உட்கார்ந்தால் மற்ற எழுத்துகளின் இடம் அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம். மேடு தேய்ந்திருந்தால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக விற்கும் ஒட்டும் புள்ளி ஒன்றை எஃப், ஜே இரண்டிலும் ஒட்டுங்கள். பேக்ஸ்பேஸ், டெலிட் போன்ற தடுமாறும் விசைகளிலும் ஒட்டலாம். எழுத்தின் மேல் படாமல் விசையின் கீழ் ஓரத்தில் ஒட்டினால் வெளிச்சம் மறையாது.

தட்டச்சு நிலையங்களிலும் டிடிபி கடைகளிலும் பழகிய டிவிஎஸ் கோல்டு வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாத கீபோர்டு. ஆனால் அந்தப் பழைய கோல்டில் பேக்லைட் கிடையாது, ஒவ்வொரு அடிக்கும் 'க்ளிக்' என்று சத்தம் வேறு. தூங்கும் அறையில் அது வேண்டாம். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்றால் இதே மாதிரி 'க்ளிக்' சத்தம் தரும் ப்ளூ சுவிட்சைத் தவிர்த்து, சத்தம் அடக்கிய லீனியர், அதாவது தடங்கலில்லாமல் நேராக இறங்கும், சுவிட்சாகப் பாருங்கள். லேப்டாப் மாதிரித் தட்டை விசைகள் பொதுவாக இன்னும் அமைதி.

வயர்லெஸ் வேண்டுமா?

பேக்லைட்டுக்கு வயர்தான் சிறந்தது. லாஜிடெக் எம்எக்ஸ் கீஸ் கீபோர்டுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கே போதும்: பேக்லைட்டோடு 10 நாள், பேக்லைட் இல்லாமல் 5 மாதம். பதினைந்து மடங்கு வித்தியாசம். அதுவும் கை பக்கத்தில் வந்தால் மட்டும் எரியும், அறை வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் அமைப்போடு. ஆர்ஜிபி மெக்கானிக்கல் இன்னும் மோசம். 84 விசை, விசைக்குச் சராசரி 2 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 168 மில்லி ஆம்பியர். 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒரு நாளில் தீர்ந்துவிடும். வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் நாட்கணக்கில் நிற்கும், உங்களுக்கும் அந்த அளவுதான் தேவை. பேட்டரியை மிச்சம் பிடிக்க இவை சில விநாடிகளில் அணைந்துவிடும். யோசித்துக்கொண்டே கையெடுத்துவிட்டுத் திரும்பும்போது எழுத்து இருட்டாக இருக்கும். நேரத்தை மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகு மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஸ்க்ரோல் லாக் விசையால் விளக்குப் போடும் மலிவு கீபோர்டுகளைத் தவிருங்கள். விளக்கு எரிய ஸ்க்ரோல் லாக் இயங்க வேண்டும். அது இயங்கினால் எக்செலில் அம்புக்குறி அழுத்தும்போது செல் நகராமல் பக்கமே நகரும். லினக்ஸ், மேக் கணினிகளில் பெரும்பாலும் அந்த விளக்கு எரியவே எரியாது. எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தி விளக்கைப் போடும் கீபோர்டுகளில், கட்டளை கீபோர்டுக்குள்ளேயே முடிந்துவிடும். எந்தக் கணினியிலும் வேலை செய்யும்.

நீங்கள் வைத்த நிறமும் வெளிச்சமும் கீபோர்டின் நினைவிலேயே நிற்க வேண்டும். சிலவற்றில் நிறுவனத்தின் மென்பொருள் ஓடினால்தான் அது நிற்கும், இல்லையென்றால் மறுபடி வானவில் ஓடும். வாங்கியதும் அமைத்துவிட்டு, வயரைப் பிடுங்கி வேறு கணினியில் செருகிப் பாருங்கள். வியா என்ற உலாவிக் கருவிக்கு ஒத்துழைக்கும் கீபோர்டுகளில் இந்தக் கவலை இல்லை. விண்டோஸ் 11-இல் 2023 முதல் டைனமிக் லைட்டிங் என்ற அமைப்பு இருக்கிறது. ஆதரவுள்ள கீபோர்டு என்றால் தனி மென்பொருள் இல்லாமலே பெர்சனலைசேஷன் பகுதியில் வெளிச்சத்தை மாற்றலாம்.

கணினியை அணைத்த பிறகும் இரவு முழுக்கக் கீபோர்டு எரிகிறது என்பது படுக்கையறையில் வரும் வழக்கமான புகார். டெஸ்க்டாப் பவர் சப்ளை, கணினி அணைந்திருந்தாலும் யுஎஸ்பிக்கு 5 வோல்ட் தந்துகொண்டிருக்கும். பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், ஈஆர்பி என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்கினால் அந்த மின்சாரம் நிற்கும். கீபோர்டைத் தட்டிக் கணினியை எழுப்பும் வசதி அப்போது போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். லேப்டாப்பில் சிக்கல் தலைகீழ்: சில விநாடியில் தானாக அணைந்துவிடும். டெல், எச்பி லேப்டாப்புகள் பலவற்றில் இந்த நேரத்தை பயாஸிலேயே மாற்றலாம். லெனோவா திங்க்பேடில் எஃப்என்னும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் விளக்கு வரும்.

ஆர்ஜிபியில் ஒரு விசை மட்டும் வெள்ளைக்குப் பதில் நீலப்பச்சையாக எரிந்தால் அதன் சிவப்புச் சில்லு செத்திருக்கிறது, மஞ்சளானால் நீலம், கருஞ்சிவப்பு கலந்த ஊதாவானால் பச்சை. ஒரு விசை மட்டும் என்றால் அந்த எல்இடியோ அதன் சால்டரோதான். ஒரு வரிசை முழுக்க இப்படி இருந்தால் பழுது கட்டுப்பாட்டுச் சில்லின் பக்கம். ஹாட் ஸ்வாப் போர்டில் சுவிட்சைக் கையால் மாற்றலாமே தவிர எல்இடி பலகையோடு சால்டர் செய்யப்பட்டது, அதைச் சால்டர் தெரிந்தவர்தான் மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ஒருமுறை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் போட்டு எல்லா விசையையும் பார்த்துவிடுங்கள்.

பேக்லைட்டே இல்லாமல்?

பழைய திங்க்பேட் லேப்டாப்புகளில் திரையின் மேல் விளிம்பில் ஒரு சின்ன எல்இடி இருந்து கீபோர்டின் மேல் வெளிச்சம் போடும். திங்க்லைட் என்று பெயர். அந்த யோசனை இன்றைக்கும் செல்லும். மானிட்டரின் தலையில் மாட்டும் லைட் பார், வெளிச்சத்தைத் திரையில் படாமல் மேசையில் மட்டும் இறக்கும். ஸ்டிக்கர் தமிழ் எழுத்து, பக்கத்தில் வைத்த தாள், நோட்டு எல்லாம் தெரியும். மஞ்சள் சாயலுக்கு மாற்றிக் குறைத்து வைத்தால் தூங்குபவர்களையும் அதிகம் தொந்தரவு செய்யாது. கையில் காசு குறைவு என்றால், வெளிர் நிற விசையில் தடித்த கருப்பு எழுத்து உள்ள சாதாரணக் கீபோர்டே திரை வெளிச்சத்தில் ஓரளவு படிக்கத் தெரியும். கருப்புக் கீபோர்டில் அது நடக்காது.

உங்கள் நிலையில் நான் எடுக்கச் சொல்வது: வயர் உள்ள, கருப்பு விசை, வெள்ளைப் பேக்லைட், லேப்டாப் மாதிரித் தட்டை விசைக் கீபோர்டு, வெளிச்சத்துக்குப் பல படிகள் இருக்க வேண்டும். மெக்கானிக்கல்தான் பிடிக்கும் என்றால் நார்த் ஃபேசிங், டபுள் ஷாட், சத்தமில்லாத சுவிட்ச், ஆம்பருக்கு மாற்றக்கூடிய ஆர்ஜிபி. தமிழ்99 எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கீபோர்டுக்குப் போடும் பணத்தில் பாதியை லைட் பாருக்கு ஒதுக்கி, சாதாரணக் கீபோர்டில் நல்ல ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் ஓர் இரவு இப்படிச் செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்து, திரையை நீங்கள் வழக்கமாக வைக்கும் வெளிச்சத்தில் வைத்து, 10 நிமிடம் வேலை பாருங்கள். பிறகு கீபோர்டைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். நிமிர்ந்து திரையைப் படிக்கும்போது கீபோர்டு கண்ணின் கீழ் ஓரத்தில் உறுத்துகிறதா? குனிந்தால் எண் வரிசைக் குறிகளும் அடைப்புக்குறிகளும் தெரிகின்றனவா? கையை ஒரு நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்கும்போது முதல் எழுத்து திரையில் விழுகிறதா, விளக்கை எழுப்புவதிலேயே தொலைந்துவிடுகிறதா? முதல் எழுத்து தொலையும் கீபோர்டில் கடவுச்சொல் அடித்துப் பாருங்கள், திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.